இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பரிசோதித்த டாக்டருக்கு என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். "எங்கம்மா வலிக்குது? விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். நான் விரலால் தொடவில்லை. மேசையைப் பிடித்து எழுந்து நின்று, உள்ளங்கையைப் புட்டத்தில் வைத்து, தொடையின் பின்பக்கமாக இறக்கி, கெண்டைச்சதையின் வெளிப்புறமாகக் கொண்டுபோய், குனிய முடிந்த மட்டும் குனிந்து சுண்டுவிரலைக் காட்டினேன். உட்கார்ந்தால் அதிகம், நின்றால் கொஞ்சம் தேவலை, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் தூங்கலாம், தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துக் கிடக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நர்ஸா இருந்தீங்களாம்மா?"

"இல்லம்மா. கித்தாத் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டினேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வலி என் உடம்புக்கு வந்தது இப்போதுதான். ஆனால் இதன் பாடம் முழுவதையும் மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலேயே கேட்டு முடித்தவள் நான். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இதற்கு ஒரு வகுப்பே நடந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. எனக்கு வலி வந்தது வலது காலில். இடது காலில் வந்திருந்தால் டாக்டரிடம் போயிருக்கவே மாட்டேன், வாயை மூடிக்கொண்டு அனுபவித்திருப்பேன். அது ஏன் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வைத்து விளக்கினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை மாதிரி இருக்கிறதாம். கனமான எதையாவது குனிந்து, இடுப்பைத் திருகித் தூக்கும்போதோ, வயதாகித் தேயும்போதோ அந்த மெத்தை பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறதாம். உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதானாம். இடுப்பில் புறப்பட்டு, புட்டத்துக்கு அடியில் புகுந்து, பாதம் வரைக்கும் போகிறது. அழுத்துவது மேலே, அலறுவது கீழே. அதனால்தான் காலில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் அகப்படுவதில்லை. வீக்கமில்லை, சிவப்பில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

"பயப்படாதீங்கம்மா. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சில வாரத்துல, சில மாசத்துல தானா விட்டுடும். கால் பலம் இல்லாம தொங்கிப் போனாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாமப் போனாலோ மட்டும் உடனே ஓடி வந்துடணும்" என்றார்.

தானாக விட்டுவிடும் என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது. அவருக்கு அது நல்ல செய்தி. எங்கள் வீட்டில் அது அப்படி இருக்கவில்லை.

எங்கள் தோட்டம் பெடாஸிலிருந்து ரெம்பாவ் போகும் தார்ச் சடக்கை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பாலை வாங்க நாதியில்லை. கணக்கெழுதும் பெரிய கிராணியையே தோட்டத்துக்குப் பொறுப்பாக வைத்து, கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். உளி அரை நூல் ஆழமாகப் பட்டாலும் வேலை வாங்கும் மண்டோர் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டிய மரங்கள் அவை. அவற்றை எங்கள் ஆட்கள் கோடாலியால் வெட்டிப் போட்டார்கள்.

அப்படிச் சாய்த்த ஒரு மரத்தின் அடிக்கட்டையை என் வீட்டுக்காரர் குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி வீசினார். உள்ளே ஏதோ நெறுக்கென்றதாம். அன்றைக்கு இடுப்பில் மட்டும்தான் பிடிப்பு. வெந்நீர் ஊற்றிவிட்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஆனால் அடுத்த வாரம் இடுப்பை விட்டுவிட்டு வலி இடது காலில் இறங்கியது. பூரான் கடித்தபோதுகூடச் சத்தம் போடாத மனிதர், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் முகம் வெளுத்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொள்வார். உடம்பு தானாக வலது பக்கம் சாய்ந்துகொண்டது. குந்தி உட்கார முடியவில்லை. சோறு என்று பேர் பண்ணி வைத்த கிழங்கை நின்றபடியே தின்றார். படுத்தால் முழங்காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பார்.

காலில் ஒன்றும் தெரியாததுதான் வினையாகப் போயிற்று. மண்டோர் வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவு கால்ல இல்லடா, வேலைக்கு வர மனசில்ல" என்றார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிப் பேர் முனியாண்டி அடித்துவிட்டார் என்றார்கள். என் வீட்டுக்காரர் சாய்த்த மரம் முனியாண்டி மேடைக்கு நிழல் கொடுத்த மரம். முனி அடித்தால் உடம்பில் அடையாளம் இருக்காது என்பது எங்கள் தோட்டத்துச் சாத்திரம். சுருட்டும் கள்ளும் வைத்துக் கும்பிடச் சொன்னார்கள். சோற்றுக்கே தாளம் போட்ட காலத்தில் சுருட்டுக்கு எங்கே போவது? காய்ந்த மரவள்ளி இலையைச் சுருட்டி வைத்தோம். முனிக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, வலி கூடத்தான் செய்தது. பக்கத்துக் கம்பமான மலாய்க் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து தேங்காயெண்ணெய் போட்டு நீவினார். நீவுகிற மட்டும் சுகமாக இருந்தது. அவர் படி இறங்கியதும் பழைய குருடி கதவைத் திறடி.

நான் அப்போது எல்லோருடனும் சண்டைக்காரியாக இருந்தேன். "காயம் இருந்தாத்தான் நம்புவீங்களா? நானே ஒண்ணு வெட்டிக் காட்டவா?" என்று மண்டோரிடம் கத்தினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இவர் முனகுவது அங்கே கேட்கும். அங்கே குழந்தை சிணுங்குவது இங்கே கேட்கும். அந்த வீட்டுக்காரர் இவரைவிட இளையவர், இவரை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவார். தோட்டத்துத் திருவிழாக்களில் நாடகம் போட்டால் பெண் வேடம் அவருக்குத்தான். அவர் சேலை கட்டி நடந்தால் பெண்கள் நாங்களே கூனிக்குறுகுவோம், அப்படி ஒரு நடை. அவர் மனைவியை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை, பெண். முனியும் இல்லை, சோம்பலும் இல்லை, உள்ளே ஏதோ நரம்புதான் என்று ஆரம்பத்திலேயே சொன்ன ஒரே ஆள் அந்தத் தம்பிதான்.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், கொஞ்ச காலம்தான், வயிறாரச் சோறு என்று சொல்லி முதலில் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை, சேதியும் இல்லை. அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு வந்தால் கிராணியால் ஒன்றும் செய்ய முடியாது, கொடுக்காவிட்டால் அவர் தலை போகும். லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். சிலர் காலில் சேராங்கொட்டைப் பாலைத் தடவிப் புண்ணாக்கிக்கொண்டார்கள். புண் ஆறிவிடும் என்று அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் லாரி லயத்துக்கே வந்துவிட்டது. இவரால் எங்கே ஓடுவது? இழுத்துக்கொண்டு போய் லாரியில் ஏறு என்றார்கள். வலது காலை மேலே வைத்து, இடது காலைத் தூக்கினார். அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். ஒரு சிப்பாய் பூட்ஸ் காலால் உதைத்தான். மறுபடி எழுப்பி நிறுத்தினான், மறுபடி விழுந்தார். வேலைக்கு ஆகாத மாடு என்று கையை உதறிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.

நான் அவரைத் தாங்கிக் கூட்டிவந்தபோது அடுத்த வீட்டுத் தம்பி மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். நடந்ததை ஒளிந்திருந்து முழுவதும் பார்த்திருக்கிறார். இவருடைய காலையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் சிலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அண்ணே, இத எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணே" என்றார்.

வகுப்பு அப்படித்தான் ஆரம்பமாயிற்று. சாயங்காலம் குளிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாழைமர மறைவில். முதலில் தம்பி மட்டும். ஒரு வாரத்தில் ஐந்தாறு பேர் ஆகிவிட்டார்கள். நேற்று வரை இவரைச் சோம்பேறி என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குக் கோபமே வரவில்லை. வலித்த இடத்தையெல்லாம் யோசித்து யோசித்துச் சொல்லிக்கொடுத்தார்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா விரலால குத்திக் காட்டாத. அது ஒரு எடத்துல ஒக்காராது, ஓடும். உள்ளங்கையால இழுத்துக் காட்டு. இடுப்பச் சொல்லாத, காலச் சொல்லு. எரியுதுன்னு சொல்லு, அப்புறம் மரத்துப்போச்சுன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ரெண்டும் எப்படிண்ணே ஒண்ணா இருக்கும்? எரிஞ்சா மரக்காது, மரத்தா எரியாது" என்றார் ஒருவர்.

"எனக்கு இருக்குதே லா. நான் என்ன செய்ய?"

எழுந்திருக்கும்போது முதலில் வலது பக்கம் புரள வேண்டும். கையைத் தொடையில் ஊன்ற வேண்டும். நிற்கும்போது இடது குதிகாலைத் தரையில் அழுத்தக் கூடாது. இருமுவதற்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், இருமிய பிறகு பிடித்தால் பொய் என்று தெரிந்துவிடும். வலி வந்தபின் யாரும் தயாராவதில்லை, வரப்போகிறது என்று தெரிந்தவன்தான் முன்கூட்டியே பயப்படுவான் என்றார். அந்தப் பயத்தைக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. தம்பி மட்டும் அதைப் பிடித்துவிட்டார். ஒருநாள் அவர் தும்மலை அடக்கிக்கொண்டு தொட்டிச் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்து, நிஜமாகவே வந்துவிட்டதோ என்று தங்கச்சி அழுதுவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் வெட்டுகிறவர்கள் தொழில் படிப்பது வாயால் அல்ல. வெட்டுகிறவருக்குப் பின்னால் நின்று, அவர் எப்படிக் குனிகிறாரோ அப்படிக் குனிந்து, எந்தக் காலை முன்னால் வைக்கிறாரோ அந்தக் காலை வைத்து, உடம்பால் படிக்க வேண்டும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்கும். மாற்றி வெட்டினால் மண்டோர் உளியைப் பிடுங்கிவிடுவார். பக்கத்தை மாற்றலாமா என்ற கேள்வியே எங்கள் ஆட்களின் தலைக்குள் எழுந்ததில்லை. இவருக்குப் பின்னால் வரிசையாக நின்று, எல்லோரும் வலது பக்கம் சாய்ந்து, எல்லோரும் இடது காலை இழுத்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு தினமும் அதைப் பார்த்தேன். எனக்கும் வித்தியாசமாகப் படவில்லை. நானும் பால் வெட்டினவள்தானே.

அடுத்த தடவை அவர்கள் லாரியோடு ஓடிப் பிடிக்க வரவில்லை. காலையில் எல்லா ஆண்களையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் அந்தக் களத்தைச் சுற்றிலும் சிப்பாய்கள் நின்றார்கள். ஒரு அதிகாரி, ஒரு துபாஷி, கண்ணாடி போட்ட ஒரு டாக்டர். பெண்கள் நாங்கள், பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகைப் பக்கம் நின்று பார்த்தோம். நடக்க முடியாதவர்கள் தனியே வரலாம் என்று துபாஷி சொன்னார். இவர் போனார். தம்பி போனார். மற்றவர்களும் போனார்கள்.

"ஜாலான்" என்றான் அதிகாரி. நட என்று அர்த்தம்.

நடந்தார்கள். அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்து, அத்தனை பேரும் இடது காலை இழுத்து, ஒரே மாதிரி ஒரே தாளத்தில் நடந்தார்கள். தூரத்திலிருந்து மொத்தமாகப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன். அதிகாரி முதலில் சிரித்தான். அவன் சிரித்து முடித்துவிட்டு டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அந்த டாக்டர் கோபக்காரர் இல்லை. ஒரு பெஞ்சியைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொருவரையும் உட்கார வைத்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்த எதையும் அவர் கேட்கவில்லை. பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல் கீழே குனிந்து, குதிகாலைப் பிடித்து, காலை மெதுவாக முன்னால் தூக்கி முழங்காலை நேராக்கினார். எல்லோரும் காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தம்பியும்தான். நடையிலும் இருமலிலும் தும்மலிலும் ஒரு பிசகும் செய்யாத மனிதர், பாதத்தைத்தானே பார்க்கிறார் என்று நினைத்துக் காலை நேராக நீட்டிக் காட்டினார்.

இவர் முறை வந்தது. கால் பாதிகூட நேராகவில்லை, இவர் உடம்பு தானாகப் பின்னால் சரிந்தது. பெஞ்சியிலிருந்து அப்படியே மண்ணில் விழுந்து கத்தினார். அந்தக் கத்தல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டினால் அந்த நரம்பு இழுபடும் என்பது இவருக்கே அதுவரை தெரியாது. இவர் காலை யாரும் அப்படித் தூக்கிப் பார்த்ததில்லை. தெரிந்திருந்தால் அதையும் சொல்லிக்கொடுத்திருப்பார். போன வாரம் சிரம்பான் டாக்டரும் என்னை உட்கார வைத்து அதையேதான் செய்தார். நான் பின்னால் சாய்வதற்கு முன்பே அழத் தொடங்கியதைப் பார்த்து, ரொம்ப வலிக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

இவரை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். பொய் சொன்னவர்கள் என்று மற்றவர்களை எல்லாருக்கும் முந்தி லாரியில் ஏற்றினார்கள். தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியின் பின்னால் ஓடினாள். தம்பி ஏறும்போதும் இடது காலை இழுத்துக்கொண்டேதான் ஏறினார். லாரி திரும்பும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து இவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நடை சரியாத்தானே இருந்துச்சு?"

இவரால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை. லாரி முக்குத் திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு லயத்தில் சத்தமே குறைந்துவிட்டது. இவர் எழுந்து நடந்தால் சிமெண்டுத் தரையில் ஒரு மிதியும் ஓர் இழுவையுமாகக் கேட்கும். தம்பி இதே நடையைப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாதக்கணக்கில் பழகியிருந்தார். இவர் நடக்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் தங்கச்சி செய்கிற வேலையை நிறுத்திவிடுவாள். கொஞ்சம் பொறுத்து, "அக்கா, அண்ணன்தானே?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சில நாள் இவர் படுத்துக் கிடக்கும்போதே கேட்பாள். அப்போது நான் என்ன சொல்வது? அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு இவரைத் திரும்பிப் பார்ப்பேன், கால் அசையாமல் படுத்திருப்பார்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் இவர் குனிந்து தன் இடது பாதத்தைத் தானே தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தேன். இன்னொரு நாள் எதையும் பிடிக்காமல் தும்மினார். தும்மிவிட்டு என்னைப் பார்த்தார். வலி போய்விட்டது. மருந்து இல்லை, பூசை இல்லை, வந்த மாதிரியே போய்விட்டது. நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன், உள்ளே குளிர்ந்து போனேன். ஆனால் வெளியே அவர் நொண்டிக்கொண்டுதான் இருந்தார். இன்னொரு லாரி வந்தால்? அந்தக் காலம் அப்படி. நானே, வாசலைத் தாண்டினால் காலை இழுங்கள் என்று நினைவூட்டி அனுப்பினேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். "இனி மெல்ல மெல்ல விட்டுடுறேன். ஒரே நாள்ல நிமிந்தா ஊர் என்ன சொல்லும்?" என்றார். சரி என்றேன். அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் சயாமிலிருந்து திரும்பி வந்தார். அவர் மட்டும்தான் வந்தார். காலெல்லாம் புண், கண் மட்டும் பெரிதாக இருந்தது. எங்கள் வாசலில் உட்கார்ந்து, தங்கச்சியும் நாங்களும் கேட்கும்படி தம்பியைப் பற்றிச் சொன்னார்.

"அங்க போயும் அவன் நொண்டுறத விடல. அடிச்சாங்க, மண்ணு கூடையத் தலையில ஏத்திவிட்டு அடிச்சாங்க. விட்டுடுடா, கண்டுபிடிச்சுட்டானுங்க, இனி எதுக்குடான்னு நானே சொன்னேன். 'இப்ப நேரா நடந்தா நான் சொன்னது பொய்யினு ஆயிடும்ல. நொண்டிக்கிட்டே இருந்தா என்னிக்காவது நம்பித் திருப்பி அனுப்புவான்'னு சொன்னான். கடைசியில வாந்திபேதி வந்து போனான். குழிக்குப் பக்கம் வரைக்கும் நடந்துதான் போனான், அப்பவும் சாஞ்சுதான் நடந்தான்."

தங்கச்சி அழவில்லை. எழுந்து வீட்டுக்குள் போனாள். இவர் வலது பக்கம் புரண்டு, கையைத் தொடையில் ஊன்றி, எழுந்து நடந்து போனார். வலி போய் எவ்வளவோ நாளான அந்தக் கால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

அன்றிலிருந்து சாகும் வரைக்கும் அப்படித்தான். வீட்டுக் கதவைச் சாத்தினால் நேராக நடப்பார், வாசல் தாண்டினால் சாய்ந்துவிடுவார். வருஷங்கள் போயின, பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களும் அப்பாவுக்குக் கால் அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன காலத்துக்குங்க இந்தக் கூத்து? யாரு கேக்கப் போறாங்க? சும்மா நேரா நடங்க."

"நான் நேரா நடந்தா அவன் பொய்யனாயிடுவான்" என்றார்.

"அவர் பொய்தானே சொன்னார்?"

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவனுக்கு வலி இல்லேன்னு உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபம் மட்டும் எனக்குள் இருந்தது. தங்கச்சி எதிரே வரும்போதெல்லாம் அவர் இன்னும் கூடுதலாகச் சாய்வார், நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒன்றுமறியாத பெண்ணை இப்படி நம்ப வைக்கிறோமே என்று இருக்கும். அவளோ முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "அண்ணே, பார்த்து நடங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு. காலையில் உறவும் லயமும் கூடிவிட்டன. மத்தியானம் குளிப்பாட்டிக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு கால்களும் ஒரே நீளமாக, ஒரே நேராகக் கிடந்தன. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். வேட்டியை இழுத்துக் கால்களை மூடினேன். தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்து எடுத்தாள்.

"மூடாதக்கா. எனக்குத் தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"எம்பொண்ணு பள்ளிக்கூடம் சேந்த வருசமே தெரியும். அண்ணன் கால்ல போடுற சப்பாத்தக் கழுவி வேலியில கவுத்து வச்சிருந்தாரு. ரெண்டு அடியும் ஒரே மாதிரி தேஞ்சிருந்துச்சு. காலை இழுக்கிறவங்களுக்கு அப்படித் தேயுமாக்கா? மரக்காட்டுக்குள்ள ஆளில்லாத எடத்துல நேராத்தான் நடந்திருக்காரு. லயத்துக்குத் திரும்புற முக்குல வந்துதான் சாஞ்சிருக்காரு."

"தெரிஞ்சும் ஏண்டி ஒரு வார்த்த கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? என்னப் பாத்ததும் அண்ணன் நொண்டுவாரு. அப்ப அவரும் எம்புருசனத்தான் நெனைக்கிறாருன்னு எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துல தெனமும் அவர நெனைக்கிற ஆளு நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்க்கா. இனிமே நான் மட்டும்தான்."

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.